பச்சை

சாட்சி நாற்காலிக்காகத்
தங்கையின் நீலக் கோட்டைக் கடன் வாங்கியிருந்தேன்.
தோளில் இறுக்கம். விரல்களில்
இன்னும் மெத்தனால் வாடை.
பெயர் கோரின் ஹாஸ்கெல்.
வேலை, கென்டக்கி மாநில ஆய்வுக்கூடம்,
ஜன்னல் இல்லாத அறை, பதினோரு வருடம்.

எதிரே வெர்லின் ஸ்டாம்பர்.
புகையிலை விலை விழுந்ததும்
அதே கொட்டகையில், அதே கம்புகளில்
போதையில்லாக் கஞ்சாவை
உரிமம் வாங்கித் தலைகீழாகத் தொங்கவிட்டவர்.
சட்டம் அனுமதித்தது ஆயிரத்தில் மூன்று.
என் தாளில் இருந்தது ஒன்பது.
கீழே என் கையெழுத்து.

"நெருப்பில்லாமல் புகையுமா?" என்றார்
அரசு வழக்கறிஞர், ஜூரியைப் பார்த்து.

புகையாது.
அதைச் சொல்லத்தான் வந்தேன்.

பச்சைச் செடிக்குள் இருப்பது ஓர் அமிலம்.
அதற்கு ஒரு வால் உண்டு:
ஒரு கரி, இரண்டு ஆக்சிஜன், ஒட்டிக்கொண்டு ஒரு ஹைட்ரஜன்.
வால் இருக்கும்வரை
மூளையின் பூட்டுக்குள் அது நுழையாது.
கைநிறையப் பறித்துக் கீரைபோல் மென்றாலும்
நாக்கில் கசப்பு, வயிற்றில் இரைச்சல்,
அவ்வளவுதான்.
வெயில் அந்த வாலை மெல்ல மெல்ல அவிழ்க்கும்.
அலமாரியில் கிடந்தால் காலமும் அவிழ்க்கும்.
அடுப்பு ஒரு மணி நேரத்தில்.
தீக்குச்சி, நொடியில்.

என் இயந்திரத்துக்கு ஒரு வாய்.
அந்த வாயின் சூடு இருநூற்றைம்பது டிகிரி.
விழுங்கியது ஒன்று,
எண்ணிச் சொன்னது வேறொன்று.
வால் அறுந்ததும் எடை குறையும்,
நூறு எண்பத்தெட்டாகும்.
மீதிப் பன்னிரண்டு கரியமில வாயு,
கூரைக் குழாய் வழியாக வெளியேறிப் போயிற்று.
குற்றப்பத்திரிகையில் அதை யாரும் சேர்க்கவில்லை.

பிப்ரவரியில், யாரும் கேட்காமலேயே,
மீதமிருந்த மாதிரியைச் சுடாத இயந்திரத்தில் ஓட்டினேன்.
அமிலம் ஒன்பது.
மற்றது ஒன்றே ஒன்று.
அன்று இரவு காரில் வெகுநேரம்
சாவியைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தேன்.

"அப்படியானால் ஒன்பதைக் கண்டுபிடித்தது யார்?"
"கண்டுபிடிக்கவில்லை ஐயா. செய்தேன்."

ஜூரியில் ஒருவர் இருமினார்.
அரசு வழக்கறிஞர் எழுந்தார்:
ஆகக்கூடியதையும் சேர்த்துத்தானே
கணக்கிட வேண்டும்?
இருக்கலாம். அதைச் சட்டம் எழுதுபவர்கள் சொல்லட்டும்.
மாவை நிறுத்துவிட்டு
ரொட்டி என்று நான் எழுதியிருக்கக் கூடாது.
பச்சை உண்மை என்கிறோமே,
சுடாமல் வைத்தால்தான் அது உண்மை.

ஒன்றை மட்டும் கோர்ட்டில் கேட்கவில்லை யாரும்.
பயிர் அக்டோபரிலேயே போய்விட்டது.
உத்தரவுப்படி ஷெரீப்பின் ஆட்கள் டீசல் ஊற்றி
வயலோரத்தில் குவித்துக் கொளுத்தினார்கள்.
தப்பு என்று சொல்லப்பட்ட பொருள்
அந்த மண்ணில் முதல்முறையாகப்
பெரிய அளவில் உண்டானது
அந்தப் பிற்பகல்தான்.
காற்று தேவாலயப் பக்கம் திரும்பியது.
பாடகர் குழு மூன்றாம் பாட்டில் சிரித்துவிட்டதாகச் சொல்கிறார்கள்,
நான் நம்பவில்லை, அவ்வளவு வீரியம் அதில் கிடையாது.
ஆனால் துணை ஷெரீப் ஒருவர்
தொப்பியைக் கழற்றி லாரியின் பின்பலகையில் உட்கார்ந்து
ஒரு கிடாரியை அரை மணி நேரம் பார்த்ததை
வெர்லினே பார்த்தார்.

இடைவேளையில், காபி இயந்திரத்தருகே,
அவர் என்னைத் திட்டவில்லை.
"அதன் வாயில் எவ்வளவு சூடு என்றீர்கள்?"
சொன்னேன்.
மெல்ல விசிலடித்தார்.
"என் கொட்டகையில் நெருப்பே கிடையாது, அம்மா.
பலகையைத் திறந்து விடுவேன்.
காற்றுதான்."

சில்லறைக்காகப் பையைத் துழாவினார்.
பர்லி புகையிலையின் பழுப்புத் தூள்
உள்ளங்கை ரேகைகளில் இன்னும்.
என்னிடம் இருந்த நாணயத்தை நீட்டினேன்.
கொஞ்சம் யோசித்துத்தான்
வாங்கிக்கொண்டார்.